எண்ணெய் படாத மடு

கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றினால் எங்கள் ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் ஆறு போய்விட்டது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ரயில் பாலத்தின் தூண்களைச் சுற்றி வெள்ளம் குடைந்துவைத்த பள்ளத்தில் ஒரு மடு தேங்கி நிற்கும். பங்குனி சித்திரையில் நாலு பக்கமும் மணல் கொதிக்கும்போது, ஆற்றில் மிச்சமிருக்கிற மீன் அத்தனையும் அதற்குள்தான் இருக்கும். கெண்டை, கெளுத்தி, ஆரல், அடியில் எங்கேயோ யாருக்கும் முகம் காட்டாத ஒரு விரால். மேலாக, தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த விரல்நீள மீன்கள் கூட்டம் கூட்டமாக வாயை மேலே தூக்கிக்கொண்டு திரியும். ஆடியில் காவிரி பெருகி, முக்கொம்பு அணையில் மிச்சத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிடும்போது இவைதான் மறுபடி ஆறு முழுக்கப் பரவிக் குஞ்சு பொரிக்கும். ஆகவே என் கணக்கில் ஆறு எங்கேயும் போகவில்லை. ஒரு குட்டை அளவுக்குச் சுருங்கி, பாலத்து நிழலில் ஆடி மாதத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த மடுவில் கொசு எண்ணெய் ஊற்றப்போகிறார்கள் என்று அப்பா ஒரு சாயங்காலம் கால் அலம்பிக்கொண்டே சொன்னார்.

அப்பா ஊர் சுகாதாரப் பிரிவில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். தேங்கின தண்ணீரைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். கறுப்பு எண்ணெயில் டி.டி.டி. கலந்து, பீப்பாய் கட்டிய மாட்டு வண்டியில் தெருத்தெருவாக அனுப்புவார். எண்ணெய் நீர்ப்பரப்பில் படர்ந்துவிட்டால் கொசுப்புழு மூச்சு விட முடியாமல் செத்துவிடும். இதுவரை ஊருக்குள்ளேதான் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் ஆற்றுக்குள்ளும் இறங்குவது என்று மேலே முடிவாகியிருந்தது. சித்திரைத் தேருக்கு ஊர் கொள்ளாத ஜனம் வரும், அந்தச் சமயத்தில் எண்ணெய் நாற்றம் வேண்டாம், தேர் நிலைக்கு வந்ததும் வண்டி பாலத்தடிக்குப் போகும் என்றார்.

நான் அப்போது திருச்சியில் பெண்கள் காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அடுத்த வாரத்துக்குள் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்கிற அவசரத்தில் இருந்தேன். அப்பா துண்டால் காலைத் துடைத்து முடிப்பதற்குள், போன வருஷம் தென்னந்தோப்பு ஓரக் குட்டையில் நடந்ததை எடுத்து வீசினேன். அங்கேயும் எண்ணெய் அடித்தார்கள். மறுநாள் மீன்களெல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன, பருந்து வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. மழை பெய்து எண்ணெய் போனபிறகு குட்டையில் கொசுப்புழு முன்னைவிட அதிகம். தின்ன மீன் இல்லையே.

"குட்டையில மீன் செத்தது எனக்கும் தெரியும்," என்றார் அப்பா. "உன் அத்தை கால் அதைவிட நன்னாத் தெரியும்."

அத்தை அப்பாவுக்கு அக்கா. கூடத்து மூலையில் முக்காலியில் உட்கார்ந்து, யானைக்கால் வந்த இடது காலை மடித்த ஜமக்காளத்தின் மேல் நீட்டி வைத்திருப்பாள். மாதத்துக்கு ஒருமுறையாவது நெறி கட்டி ஜுரம் வந்து தூக்கித் தூக்கிப் போடும். கோபுர வாசலுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் காலை இப்படி ஆக்கின கிருமியை ஒரு கொசுதான் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கால் தெருவுக்குத் தெரு உண்டு. அப்பா ஏன் தேங்கின தண்ணீர் மேல் இத்தனை விரோதமாக இருந்தார் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

"என் காலை ஏண்டா இழுக்கறே?" என்றாள் அத்தை. "அதை நானே இழுக்க முடியாம உக்காந்திருக்கேன்." பிறகு என்னைப் பார்த்து, "ஆனா கேட்டுக்கோடி, என் காலைக் கேட்டா லோகத்துல இருக்கற தண்ணி பூரா எண்ணெய் ஊத்துன்னுதான் சொல்லும்," என்றாள்.

மீனா அத்தையா என்று கேட்டால் யார்தான் மீன் என்று சொல்வார்கள். ஆனால் கேள்வியே தப்பு என்று எனக்குள் ஏதோ குடைந்தது. யானைக்கால் கொசு அழுக்குத் தண்ணீரைத் தேடிப் போகிற ஜாதி என்று வகுப்பில் படித்திருந்தேன். மீன் திரிகிற மடுவில் அதன் புழு இருக்குமா? யாராவது பார்த்தார்களா? அப்பாவிடம் கேட்டேன். மடுவைக் குறித்துக்கொண்டு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்றார். நீங்கள் பார்த்தீர்களா என்றேன். துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"சரி. மடுவுல புழு இல்லேன்னு காட்டு. இருந்தாலும் மீன் தின்னுடும்னு காட்டு. ஆபீசர்கிட்டே நானே பேசறேன். ஆனா தேர் வரதுக்குள்ளே காட்டணும்."

அன்றைக்கு ராத்திரி சாத்துமது சாதத்தைக்கூட அவசரமாகத்தான் சாப்பிட்டேன்.

ஆய்வுக் கூடத்தில் என் மேஜையைப் பகிர்ந்துகொள்பவள் பாலக்கரைக்காரி. அவள் அத்தாவுக்கு, அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அங்கே மிட்டாய்க் கடை. தவளையை அறுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன், அவள் என் தவளையையும் சேர்த்து அறுத்துத் தருவாள். பதிலுக்கு நான் இருவருக்கும் படம் வரைந்துவிடுவேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, உங்க ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கினா ஆத்துக்கு எவ்வளவு நேரம் மணல்ல நடக்கணும் என்பதுதான். இரண்டாவது, உங்க வீட்டுல காப்பி தருவாங்களா.

வெள்ளை எனாமல் கிண்ணம் ஒன்றை மூங்கில் கழியில் கட்டினோம். நீர்ப்பரப்பை அதால் மெதுவாக அள்ளி, அலை அடங்கும்வரை அசையாமல் பிடித்திருந்தால், வெள்ளைப் பின்னணியில் கொசுப்புழு நெளிவது தெரியும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் யானைக்கால் கொசுவின் ஜாதி. நீரோடு நீராகப் படுத்திருந்தால் மலேரியாக் கொசு. இதற்கு மைக்ராஸ்கோப் கூட வேண்டாம், பொறுமைதான் வேண்டும். என்னிடம் அது குறைவு. கழியை அவள் பிடித்தாள், நான் கிண்ணத்துக்குள் பார்த்தேன்.

காலை வெயில் ஏறுவதற்குள் மடுவைச் சுற்றி வந்துவிட்டோம். நடுவில் அள்ளினோம், ஓரத்தில் அள்ளினோம், தூண் நிழலில் அள்ளினோம். ஒன்றும் இல்லை. ஒரு தடவை கிண்ணத்துக்குள் பொட்டு மீன் ஒன்றே ஏறிவந்து எங்களைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தது. அந்த இடத்தில் மீன்களுக்குப் பயம் கிடையாது. கொள்ளிடத்தை வடதிருக்காவேரி என்று சேவித்துக் குளிக்க வருகிறவர்கள் பொரி போட்டுப் பழக்கி வைத்திருந்தார்கள். கிண்ணம் தண்ணீரைத் தொட்டாலே பொரிதான் என்று ஓடிவந்தன.

மடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, மணலில் ஊற்றுக் குழிகள் இருந்தன. கோடையில் ஊர்ப் பெண்கள் அங்கேதான் மணலைத் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைத் தேங்காய் ஓட்டால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டு போவார்கள். ஒரு குழி கலங்கிவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் தோண்டுவார்கள். விட்டுப்போன குழிகளில் சருகும் மாட்டுச் சாணியும் விழுந்து கிடந்தன. சும்மா ஒன்றில் கிண்ணத்தை விட்டோம். தண்ணீர் கொதிக்கிற மாதிரி புழு. அடுத்த குழி, அதற்கடுத்த குழி, எல்லாவற்றிலும். அதே ஆறு, அதே வெயில். மீன் இருக்கிற இடத்தில் புழு இல்லை, மீன் போக முடியாத குழியில் புழு. மடுவைக் குறித்தவர்கள் எங்கே கையை விட்டுப் பார்த்தார்கள் என்பது புரிந்துபோயிற்று. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, காலேஜுல சேத்துப் புழு அள்ளத்தான் கத்துக் குடுக்குறாங்களா?" என்றாள்.

"ஆமாங்கக்கா," என்றாள் என் தோழி. "பாஸ் பண்ணிட்டா கொசு பிடிக்க விடுவாங்க."

திரும்பும் வழியில் எங்கள் தெருக்களின் பின்புறச் சாக்கடைகளிலும் அள்ளிப் பார்த்தோம். அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். சாய்ந்து தொங்குகிற புழு அங்கே கிண்ணத்தை மறைத்தது. அத்தையின் கால் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்த்தோம். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான்.

இனி மீன் புழுவைத் தின்கிறது என்று அப்பா கண் முன்னால் காட்ட வேண்டும். இங்கேதான் நாங்கள் இடறினோம்.

காலேஜிலிருந்து வந்தால் நான் கொல்லைப்புறமாக நுழைந்து, ஸ்நானம் பண்ணின பிறகே கூடத்துக்கு வரலாம் என்பது என் படிப்புக்கு அம்மா போட்டிருந்த நிபந்தனை. இப்போது மீனையே கொண்டுவருகிறேன் என்றதும் அம்மா கொஞ்ச நேரம் பெருமாள் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் தோழி கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பெப்பர்மிண்ட் ஜாடி வீட்டு எல்லைக்குள் வரக்கூடாது என்றாள். யார் கை பட்டதோ, என்ன இருந்ததோ, கண்ணாடியைத் தேய்த்தாலும் எச்சல் போகாது. செம்பு அப்படியில்லை, புளி போட்டுத் தேய்த்தால் எதையும் சுத்தம் பண்ணிக்கொள்ளலாம். ஆகவே ஆற்று ஜலம் வருவதானால் செப்புக் குடத்தில் வரட்டும், கொல்லைக் கிணற்றடியில் இருக்கட்டும், காரியம் முடிந்ததும் தேய்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள். எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்று எனக்குத் தெரியும். மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.

செப்புக் குடம் தேய்ப்பது அத்தையின் இலாகா. உட்கார்ந்த இடத்தில் செய்ய முடிகிற வேலை என்று அதைத் தன்னுடையதாக வைத்திருந்தாள். கைக்கு ஒன்றும் வரவில்லையே என்பாள். அன்றைக்கு இரண்டு பழைய குடங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அவை விளக்கு மாதிரி ஜொலித்தன. ஒன்றில் மடுத் தண்ணீரும் பொட்டு மீன்களும் புழுவும். இன்னொன்றில் மடுத் தண்ணீரும் புழுவும் மட்டும். என் தோழி தன் ஜாடியிலும் கொஞ்சம் மீனையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, பாலக்கரைச் சாக்கடைப் புழுவுக்கு இவை என்ன மரியாதை செய்கின்றன பார்க்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றடிக்கு ஓடினேன். மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. புழுவும் செத்திருந்தது. இரண்டாவது குடத்துப் புழுவும் அப்படியே.

அடுத்த நிமிஷமே மூளை ஓடத் தொடங்கிவிட்டது. என் மூளை அப்படித்தான், நிற்க வேண்டிய இடத்தில்தான் ஓடும். மீனும் செத்தது, புழுவும் செத்தது, இரண்டிலும் இருந்தது மடுத் தண்ணீர். ஆகவே தண்ணீரில் விஷம் இருக்கிறது. மடு ஏற்கெனவே கெட்டுப்போய்விட்டது, அதனால்தான் அதில் புழுவும் இல்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் இதை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

அப்பா குடத்தை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, பாவம் என்கிற பார்வை.

"நல்லதாப் போச்சு. கெட்டுப்போன மடுன்னா அப்புறம் யோசிக்கறதுக்கே ஒண்ணுமில்லே," என்றார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஆபீசர் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லியும் விட்டார்.

மடுவைக் காப்பாற்றப் போய் அதற்கு எதிராக நானே சாட்சி சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஆனால் மடுவில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தேனே? விஷத் தண்ணீரில் துள்ளுமா? இதை ஏன் அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் யோசிக்கவில்லை?

திங்கட்கிழமை காலேஜுக்குப் போனதும் என் தோழி முந்திக்கொண்டாள்.

"உங்க ஊரு மீனு சரியான தீனிப்பண்டாரம்டி. ராத்திரிக்குள்ள ஜாடியில ஒரு புழுவை விட்டு வைக்கல. எங்க அத்தா கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டிருக்காரு, வியாபாரம் நின்னு போச்சு."

"உயிரோட இருக்கா?"

"செத்தா எப்படிடி திங்கும்?"

ஒரே மடு, ஒரே தண்ணீர், ஒரே கூட்டத்து மீன். அவள் ஜாடியில் பிழைத்திருக்கிறது, என் குடத்தில் செத்திருக்கிறது. வித்தியாசம் என்னவென்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தவள், "அத்தை புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சுக் கொடுத்தாள்" என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். அவளும் பென்சிலைக் கீழே வைத்தாள். செம்பு தண்ணீரில் கரைந்தால் மீனுக்கு ஆகாது என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்ததுதான். புதிதாகத் தேய்த்த செம்பு, பழைய களிம்பு இல்லாத வெறும் செம்பு, ராத்திரி முழுக்க அதற்குள் மீன். உப்புக்களின் பெயரையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறவர்களுக்கு, தினமும் தீர்த்தம் எடுக்கிற குடமும் ஒரு செப்புப் பாத்திரம் என்பது தோன்றவில்லை.

"உங்க வீட்டு ஆசாரத்துக்கு மீனு தாங்கல," என்றாள் அவள். சிரித்துச் சிரித்து எங்களை வகுப்பை விட்டு வெளியே அனுப்பும் நிலைமை வந்தது. எனக்குச் சிரிப்பைவிட மூச்சு வந்ததுதான் பெரிது. மடு கெடவில்லை. கெட்டது என் கணிப்பு மட்டும்தான்.

ஆனால் இந்தத் தடவை ஓடிப்போய்ச் சொல்லவில்லை. முதலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரையே எடுத்து, பாதியைக் குடத்திலும் பாதியை அவள் கடையிலிருந்து வாங்கிவந்த ஒரு ஜாடியிலும் ஊற்றி, இரண்டிலும் மடுவிலிருந்து புதிதாகப் பிடித்த மீன் விட்டேன். ஜாடியை உள்ளே விட அம்மா மறுத்தாள். கொல்லைக் கதவுக்கு வெளியே, சாக்கடைப் பக்கத்துத் திட்டில் வைத்துக்கொண்டேன். விடியும்போது குடத்து மீன்கள் மேலே வந்து தள்ளாடிக்கொண்டிருந்தன. ஜாடி மீன்கள் எனக்காகப் பசியோடு காத்திருந்தன. தள்ளாடினவற்றை அவசரமாக ஜாடிக்கு மாற்றினேன், பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன.

அத்தையிடம் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது.

"அப்போ நான் தேய்ச்ச குடமா கொன்னுடுத்து?"

"நீங்க நன்னாத் தேய்ச்சேள், அதான்," என்றேன்.

குடம் தேய்த்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, ஜாடி உள்ளே வரட்டும், கிணற்றடிக்கு, என் முக்காலியையும் அதன் பக்கத்தில் போடு, தோஷம் உண்டானால் என் கணக்கில் எழுதிக்கொள் என்றாள். அந்த வீட்டில் அத்தை சொல்லிவிட்டால் மேலே அப்பீல் கிடையாது. ஜாடி வந்தது. நான் சாக்கடைப் புழுவைச் சிரட்டையில் மொண்டு அதில் விட்டேன்.

அத்தை அப்புறம் எழுந்திருக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜாடியோடு ஜாடியாக உட்கார்ந்துவிட்டாள். பொட்டு மீன் அம்பு மாதிரி வந்து ஒரு புழுவைக் கவ்வும். அத்தைக்குத் தோள் குலுங்கும்.

"அதோ, அந்த ஓரத்துல ஒண்ணு தொங்கறது பாரு. விடாதே. ஆங், போச்சு. இன்னொண்ணு எங்கேடா ஒளிஞ்சுண்டிருக்கே? வா வெளியிலே."

தன் காலோடு இத்தனை வருஷம் பட்ட பாட்டுக்கெல்லாம் அன்றைக்கு அவள் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பூச்சிக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள் என்று தெருவே சொல்லும். அந்தக் கிணற்றடியில் நான் பார்த்த அத்தை வேறு ஆள். மத்தியானத்துக்குள் சிரட்டை காலி, இன்னும் கொண்டுவா என்றாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் நான் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அத்தை அவரை ஜாடிக்கு முன்னால் நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். குடம் கொன்றது, ஜாடி காத்தது, ஊற்றுக் குழியில் இருப்பது, சாக்கடையில் தொங்குவது. கடைசியில், "என் கால் கொல்லைச் சாக்கடையில வந்ததுடா. நீ அதை விட்டுட்டு ஆத்துல போய் எண்ணெய் ஊத்தறேங்கறே," என்றாள்.

அப்பா ஜாடியைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பிறகு திரும்பவும் போட்டுக்கொண்டு, காப்பி கூடச் சாப்பிடாமல், ஆபீசர் வீட்டுக்குக் கிளம்பினார். மடு கெட்டுப்போய்விட்டது என்று தான் கொண்டுபோன செய்தியைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. என்ன சொன்னார், என்ன கேட்டுக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்து, "வந்து பாக்கறேங்கறார். வண்டியும் வரும். புழு இருந்தா அங்கேயே ஊத்திடுவோம்," என்றார்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை, மணலில் பீப்பாய் வண்டி நின்றது. மாட்டை அவிழ்த்துக்கூட விடவில்லை. ஹெல்த் ஆபீசர் தொப்பி வைத்த ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். என் தோழி கழியைப் பிடித்தாள். அவர் சொல்கிற இடத்தில் அள்ளிக் காட்டினாள். நடுவில் இல்லை. தூணடியில் இல்லை. எனக்கு மூச்சு சீராக வரத் தொடங்கியபோது, அவர் மடுவின் மேற்கோரத்தைக் காட்டினார். தேருக்கு வந்த ஜனம் அங்கே குளித்துச் சாப்பிட்டு, எச்சில் இலைகளை வீசிவிட்டுப் போயிருந்தது. வாழையிலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கரையோடு ஒட்டி மிதந்தன. இலைகளை விலக்கி அள்ளினாள். கிண்ணத்தில் புழு நெளிந்தது.

"இருக்கேம்மா," என்றார் ஆபீசர்.

வண்டிக்காரர் பீப்பாய்க் குழாயில் கை வைத்தார். அப்பா தரையைப் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். இலைகளை வாரி வாரிக் கரையில் எறிந்தேன். இலைக் கூட்டுக்கு அடியில் மீன் நுழைய இடமில்லாத தேக்கம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இலை போனதும் தண்ணீர் திறந்துகொண்டது. என் காலைச் சுற்றிப் பொட்டு மீன்கள் கூட்டமாக வந்தன. பொரி போட வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும். வந்த இடத்தில் புழுவைக் கண்டன.

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள் என் தோழி. "சாப்பிட்டு முடிக்கட்டும்."

ஆபீசருக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. தூண் நிழலில் போய் நின்று ஒரு சிகரெட் பிடித்தார். முடித்துவிட்டு வந்து, கழியைத் தானே வாங்கி, அதே இடத்தில் தானே அள்ளினார். அலை அடங்கும்வரை காத்திருந்தார். வெள்ளைக் கிண்ணம் வெறும் வெள்ளையாக இருந்தது. இன்னொரு முறை அள்ளினார். பிறகு ஊற்றுக் குழிகளுக்கு நடந்து அங்கேயும் அள்ளி, முகத்தைச் சுளித்தார்.

அப்பாவிடம் சொன்னார்: "குழியெல்லாம் மணல் போட்டு மூடச் சொல்லுங்க. ஓரத்துல இலை சேராம பாத்துக்கணும். வண்டியைச் சாக்கடைக்குத் திருப்புங்க, எண்ணெய் அங்கயே பத்தாது."

எனக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். மாடு திரும்பியது, சக்கரம் மணலில் அரைவட்டம் போட்டது. பீப்பாயிலிருந்து சொட்டின எண்ணெய் மணலில் ஒரு கறுப்புக் கோடாக ஊர்ப்பக்கம் போயிற்று. அந்தக் கோடு மடுவை விட்டு விலக விலக என் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஈரப் பாவாடையோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். தோழி பக்கத்தில் உட்கார்ந்து, இப்பவாவது உங்க வீட்டுக் காப்பி கிடைக்குமா என்றாள்.

கிடைத்தது. அம்மா அவளுக்கு எந்தத் தம்ளரில் கொடுப்பது என்று அடுப்பங்கரையில் கொஞ்ச நேரம் நின்றாள். கடைசியில் அத்தையின் வெள்ளித் தம்ளரில் கொடுத்தாள்.

குழிகளை மூடுவது எளிதாக இருக்கவில்லை. தோண்டின பெண்களுக்கு ஏற்கெனவே நடை, ஏற்கெனவே சுமை. புழு அள்ளும் காலேஜ் வந்துவிட்டது என்று எங்களைப் பார்த்தாலே சிரிப்பார்கள். ஒருநாள் கிண்ணத்தை அவர்கள் கையில் கொடுத்தோம். பழைய குழியில் இருந்ததைப் பார்த்த பிறகு, புதிதாகத் தோண்டுகிற மணலைப் பழைய குழியில் தள்ளுவது என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஒரே வேலை, மணல் விழுகிற பக்கம்தான் மாறியது. இலை வாருவதை நாங்கள் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு ஞாயிறும் அள்ளிப் பார்த்து அப்பாவிடம் சொன்னோம். அவர் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டார்.

ஆடியில் முக்கொம்பில் மதகு திறந்தார்கள் என்று கேள்விப்பட்டதும் அத்தை தானும் வருவேன் என்றாள். வாசலுக்கே வராதவள். அப்பா ஒற்றை மாட்டு வண்டி பிடித்தார், காலுக்குக் கீழே தலையணை வைத்து, கரையில் வண்டியை நிறுத்தினோம். நுரையும் சருகுமாகச் செம்மண் தண்ணீர் மணலை நக்கிக்கொண்டு வந்தது. முதலில் மூடிய குழிகளின் மேல் பரவியது. பிறகு பாலத்துத் தூணைத் தொட்டு, மடுவுக்குள் வழிந்தது. கொஞ்ச நேரம் தெளிந்த தண்ணீரும் கலங்கல் தண்ணீரும் தனித்தனியாக நின்றன. அந்தக் கோட்டில் மீன்கள் துள்ளின. அப்புறம் கோடு இல்லை, மடு இல்லை, கரைக்குக் கரை ஆறுதான்.

அத்தை மடியிலிருந்த பொரியை எடுத்து எட்டின மட்டும் வீசினாள். கரையோரத்தில்தான் விழுந்தது.

"போங்கோ, போங்கோ," என்றாள். "அடுத்த கோடைக்கு வந்துடுங்கோ. சாக்கடையில எண்ணெய் ஊத்தியாச்சு, இனிமே புழு கிடைக்காது, உங்களுக்கு நான் வேற ஏதாவது தரேன்."

அவள் கால் குணமாகவில்லை, ஜுரமும் நிற்கவில்லை. வந்த நோய் எண்ணெயாலும் போகாது, மீனாலும் போகாது. அது எங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது நான் பட்டணத்தில் மேற்படிப்பில் இருக்கிறேன். விடுமுறைக்கு ஊர் வரும்போது, கொள்ளிடப் பாலத்தில் ரயில் தடதடக்கத் தொடங்கியதும் ஜன்னலுக்கு நகர்ந்துவிடுவேன். கோடையானால் கீழே தூணடியில் அந்தப் பச்சை வட்டம் தெரிகிறதா என்று பார்ப்பேன். எண்ணெய் மினுக்கம் இல்லாமல், மேலே சின்னச் சின்ன வளையங்களோடு அது அங்கேயே இருக்கும். அந்த வளையங்களைப் பார்த்தபிறகுதான் மூட்டையை எடுத்து இறங்கத் தயாராவேன்.